பத்துமலைக்குப் போன கோட்டு

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிரம்பானில் ரயில் ஏறினேன். வடக்கே கோலாலம்பூர் நாற்பத்தைந்து மைல். தையற்கடையைப் பூட்டிவிட்டு, உறவோ வியாபாரமோ இல்லாமல், ஊர் பார்க்கவே கிளம்பினேன். எதிரே இருந்தவர் இதை நம்பவில்லை.

"வேல தேடிப் போறீங்களா?"

"இல்லண்ணே. சும்மா பாக்கத்தான்."

"சும்மாவா? தமிழன் சும்மா எங்கே போறான்!"

எனக்குச் சுருக்கென்றது. துரைமார் மலை பார்க்கப் போனால் உல்லாசம், நான் போனால் பைத்தியமா?

பத்தரை மணிக்கு இறங்கினேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் பாய் விரிக்க இரவுக்கு முப்பது காசு. செங்கல் சூளைத் தூசியும் ரயில் கரியும் கலந்து என் வெள்ளைக் கோட்டின் மேல் படிந்தன. அது நானே தைத்தது. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லியே பிழைப்பவன் நான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாட்டு வண்டி பிடித்தேன். பத்துமலைக்கு நாற்பது காசு. வேரையும் கல்லையும் பிடித்து ஏறிக் குகைக்குள் போனால் பாறைக்குள் ஒரு குளிர்ச்சி. உச்சியில் பாறை பிளந்து வெளிச்சம் விழுகிறது. வௌவால் எச்ச நாற்றத்தையும் மீறிச் சூடம் மணக்கிறது. வேலின் முன் கைகூப்பி நின்றேன். வந்தது வீண் போகவில்லை.

பதினொரு மணிக்குக் கீழே வந்தால் வண்டிக்காரன் வேறு சவாரிக்குப் போய்விட்டான். ரப்பர் தோட்டத்தின் வழியே குறுக்காக நடந்தேன். வெயில் தாங்கவில்லை. ஓர் ஓடையைக் கண்டதும் கோட்டையும் சட்டையையும் ஜோட்டையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு இறங்கினேன். கரையேறியதும் தோளில் ஒரு கை விழுந்தது. தோட்டத்துக் கங்காணி.

"எந்தத் தோட்டம்டா? துண்டு எங்கே?"

தோட்டத்தைவிட்டு வெளியே போகக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர்.

"நான் ஊர் பாக்க வந்தவன்."

"ஓடி வர்றவன் எல்லாம் இதத்தான் சொல்றான்."

இவனும் தமிழன்தான்! என்னை மூட்டையோடு தள்ளிக்கொண்டு போய் ஒரு கொட்டகையில் உட்கார வைத்தான். அங்கே ஏற்கெனவே ஒருவன் இருந்தான். பெயர் வீரன், வேறு தோட்டத்தவன். கைகளை அவன் தலைப்பாகைத் துணியாலேயே கட்டியிருந்தார்கள்.

"அண்ணே, பிரிக்பீல்ட்ஸ்ல மச்சான் வீட்ல என் சம்சாரம் சாகக் கெடக்குது. லீவு குடுக்கல. மொகத்தப் பாத்துட்டு வந்துடுவேன்" என்றான்.

எனக்கோ என் மானம்தான் பெரிதாக இருந்தது. மூட்டையை அவிழ்த்துச் சட்டையும் கோட்டும் ஜோடும் மாட்டிக்கொண்டு எழுந்தேன். கங்காணியின் குரல் அப்படியே மாறிவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க கிராணியாரே! வெறும் ஒடம்போட நின்னீங்களா, அதான்..."

ஓடுகாலியாக இருந்த நான் ஐந்து நிமிடத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆகிவிட்டேன்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தலையைச் சொறிந்தபடி வீரனைக் காட்டினான்.

"இவன் உங்க ஆளா? ஆமான்னா கூட்டிட்டுப் போங்க."

வீரன் என்னையே பார்த்தான்.

"எனக்குத் தெரியாதுய்யா" என்றேன். என்னைக் கூலியோடு கூலியாகச் சேர்த்துவிட்டானே என்ற ஆத்திரம்.

ஒரு மைல் நடந்த பிறகுதான் புத்தி வந்தது. கொட்டகைக்குத் திரும்பி ஓடினேன். வீரனை அவன் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாலையில் பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே வரிசை வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, சாகக் கிடக்கும் அந்தப் பெண்ணைத் தேடினேன். மச்சான் பெயரைக் கேட்டு வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லையே! கோட்டுப் போட்டவனைக் கண்டு பாதிக் கதவுகள் திறக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை ரயிலில் திரும்பினேன். சிரம்பானில் எல்லோரும் குகையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கங்காணி மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அவனாவது கேட்டான், உங்க ஆளா என்று. வீரனுக்கு மார்பு முப்பத்தாறு அங்குலம். கொட்டகைக்குள் நுழைந்தபோதே கண் அளந்துவிட்டது, தொழில் புத்தி. என் கோட்டும் முப்பத்தாறுதான்.