சேலைக்கு மன்னிப்பு, அழுகைக்கு இல்லை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆடி மாதம், அடுத்து வரும் ஆவணி முகூர்த்தங்களுக்காக ஆரணியில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத் தறி. ஒன்றில் என் கணவர் உட்காருவார், இன்னொன்றில் நான். அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு பெரிய தப்பும் செய்தேன், ஒரு பிடிவாதமும் பிடித்தேன். தப்பைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிடிவாதத்தைச் சொல்லத் துளியும் கூச்சமில்லை.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. படிப்பு பத்தாவது வரை. அனிமே என்றால் எனக்கு உயிர். ஜப்பான்காரர்கள் வரைந்து வரைந்து எடுக்கிற தொடர்கள்தான். ஒரு மழைக்காலத்தில் தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலான பாவு வராமல் தறி சும்மா கிடந்தபோது போனில் எதையோ தேடப்போய், தமிழில் பேசுகிற ஒரு தொடர் வந்து விழுந்தது. பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படம் என்று நினைத்துத்தான் தொட்டேன். மூன்று நாளில் முழுத் தொடரையும் முடித்தேன். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் சோறு குழைந்தே போனது.

பார்த்து முடித்ததும் யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. என் கணவரிடம் சொன்னால் இரண்டாவது வாக்கியத்தில் கொட்டாவி விடுவார். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். "இது எந்த டிவில, எத்தினி மணிக்கு வருது?" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் போனிலேயே ஒரு வீடியோ சேனல் ஆரம்பித்தேன். மாதம் ஒரு முறை 'என் பத்து' என்று எனக்குப் பிடித்த பத்துத் தொடர்களை வரிசைப்படுத்திச் சொல்வேன். நடுநடுவே ரியாக்‌ஷன் வீடியோ போடுவேன். புதுசாக ஒன்றைப் பார்க்கும்போது என் முகம் போகிற போக்கை இன்னொரு போனில் அப்படியே பதிவு செய்து போடுவதுதான் அது. முதலில் பார்த்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதிலும் பாதிப் பேர் வழி தவறி வந்தவர்கள்.

ஆனால் வந்தவர்கள் சண்டை போட்டார்கள். "அக்கா, அதை ஏழாவது இடத்துல வெச்சது அநியாயம்" என்று வேலூரிலிருந்து ஒரு பெண் பத்து வரி எழுதினாள். நானும் பத்து வரி எழுதினேன். சிரிக்காதீர்கள், அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இந்த வீட்டில் என்னிடம் கருத்துக் கேட்டது குழம்பில் உப்பு போதுமா என்பதற்கு மட்டும்தான். எது முதல், எது இரண்டாவது, ஏன் என்று என்னைக் கேட்டு, சொன்னதற்கு மறுத்தும் பேச ஆள் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

இனி தப்புக்கு வருகிறேன்.

எங்களுக்குப் பாவும் நூலும் டிசைனும் தருவது ஒரு ஜவுளிக் கடைக்காரர். முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஆவணிக்கென்று அவர் ஒரு புது டிசைன் போட்டிருந்தார். கத்தரிப்பூ நிற உடம்பு, கடுகு நிறக் கரை. கரையில் சின்னச் சின்னக் கிளிஞ்சல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். கரையின் ஓரத்தில் மெல்லிசாக அலை மாதிரி ஒரு வரிசை. அதை நெய்ய என் தறிக்குத்தான் கொடுத்தார். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

புது டிசைன் தறியில் ஏறிவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வெளியாள் யார் வந்தாலும் நெய்த துணிமேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடிவிடுவோம். பால்காரர் வந்தாலும் மூடுவோம், கூடப் பிறந்தவர் வந்தாலும் மூடுவோம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் வீட்டிலும் அதேதான். நானும் கைப்பழக்கமாக மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் என் கணவர் முடித்த சேலையைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தார். நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த தொடரின் கடைசி எபிசோட் வந்திருந்தது. பெண்கள் படகுப் போட்டிக் கதை. எல்லாப் போட்டியிலும் தோற்கிற ஒரு பள்ளிக்கூடம். கடைசியிலும் தோற்கிறார்கள். கூட்டம் கலைந்து போகிறது. அதுவரை ஒரு முறைகூட அழாத கேப்டன் பெண், போட்டி முடிந்தது தெரியாதவள் மாதிரி துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் தறிக்கு மேலே டிசைன் விழவைக்கும் ஜக்காடு பெட்டிக்குக் கீழே, தறியில் உட்கார்ந்தபடியே, வலப்பக்கம் ஒரு போனைச் சாய்த்துவைத்துப் பதிவு செய்துகொண்டு, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ஏய், நிறுத்துடி, போதும்டி" என்று அந்தப் பெண்ணிடம் பேசவும் செய்தேன்.

அப்படியே போட்டுவிட்டேன். என் முகத்துக்குக் கீழே கத்தரிப்பூவும் கடுகுமாகக் கிளிஞ்சல் கரை பளிச்சென்று தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. பால்காரருக்கு மூடியதை உலகத்துக்கே திறந்து காட்டியிருக்கிறேன், புத்தியில் உறைக்கவே இல்லை.

யாரோ அந்த அழுகையை மட்டும் வெட்டி, கோமாளிப் பாட்டைச் சேர்த்து விட்டார்கள். ஊரில் எல்லார் ஸ்டேட்டஸிலும் நான்தான். 'அழுவாச்சி அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். காய்கறி வாங்கப் போன இடத்தில் ஒருவர் முந்தானை இல்லாமலே முந்தானையால் மூக்கைத் துடைத்துக் காட்டினார். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவை எல்லாருக்கும் நானே அனுப்பினேன். 'முழு அழுகையும் இங்கே இருக்கிறது, வெட்டியதைப் பார்த்து ஏமாறாதீர்கள்' என்று எழுதியும் வைத்தேன். வீம்புக்குத்தான் செய்தேன். கிளிஞ்சல் கரையும் என் வீம்போடு சேர்ந்து ஊரைச் சுற்றியது.

பதினைந்து நாளில் வேறொரு கடையில் அதே சேலை தொங்கியது. எங்கள் முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறார். கிளிஞ்சல் இருக்கிறது, அலை வரிசை இல்லை. அந்த இடத்தில் வெறும் கோடு. எப்படி இப்படி என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் கடையில் ஒருவர் வேடிக்கைக்காக என் வீடியோவைக் காட்டியிருக்கிறார். ஊரே என் மூஞ்சியைப் பார்த்தது. டிசைனைத் திருடியவருக்கு அடுத்து அவர்தான் சேலையைப் பார்த்தார். வீடியோவிலும் கரையின் ஓரம் வெட்டுப்பட்டு, அலை வரிசை தெரியாமல்தான் இருந்தது.

எங்கள் இருவரையும் கடைக்கு வரச்சொன்னார். போனால், எங்களுக்கு முன்னாலேயே என் கணவரின் அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். இந்தக் கடையில் எங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். இன்னும் மூன்று நான்கு நெசவாளர்கள் சுவரோரம் நின்றார்கள். முதலாளி அந்த இன்னொரு சேலையைப் பிரித்துப் பாயில் போட்டார். பக்கத்தில் போனில் என் முகத்தை நிறுத்திவைத்தார். 

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.  ஒரு டிசைனை யோசித்து, வரைந்து, ஜக்காடு பெட்டிக்கான துளை அட்டைகளை அடித்துத் தறிக்குக் கொண்டுவர அவர் எவ்வளவு அலைந்திருப்பார் என்று எனக்குத் தெரியாதா? கையெடுத்துக் கும்பிட்டேன்.

"மொதலாளி, இது என் தப்புங்க. மூடணும்னு தோணலைங்க. என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்றேன். அங்கேயே போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தேன். என் அழுகை நிஜமாகவே அப்போதுதான் வந்தது. அதை யாரும் பதிவு செய்யவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. கணவரின் அண்ணன் எழுந்தார்.

"இது ஒண்ண அழிச்சா ஆச்சா? மொத்தத்தையும் மூடு. இந்த வயசுல பொம்மப் படம் பாத்துகினு, அழுதுகினு, அத ஊருக்குக் காட்டிகினு... எங்க போனாலும் பேஜாரா கீது. இனிமே பாக்க மாட்டேன், பண்ணது அசிங்கம்னு ஒரு வீடியோ போட்டுட்டு மூடிடு" என்றார்.

முதலாளியும் தலையாட்டினார். "அவர் சொல்றதுதாம்மா சரி. மூடிட்டேன்னு சொன்னா அடுத்த பாவு தர்றேன். இல்லைன்னா இந்தத் தறில இருக்கறத முடிச்சிக் குடுத்துட்டு நின்னுக்குங்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "கொஞ்ச நாளைக்கு மூடித்தான் வையேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்த இடத்தில் நான் சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், ஒரு நொடி நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு தறிக்கும் அவர் பாவுதான். ஆனால் 'அசிங்கம்' என்ற சொல் முள்ளாகக் குத்தியது. எது அசிங்கம்? சேலையைக் காட்டியது தப்பு, ஒப்புக்கொண்டேன். ஒரு கதையைப் பார்த்து அழுததும், எனக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்திச் சொன்னதும் யாருடைய குடியைக் கெடுத்தது? நான் ஒரு தப்புக்காகத் தலை குனிந்து நிற்கிற நேரம் பார்த்து, அவர்களுக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் அந்தத் தலையில் ஏற்றப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. அழுகை நின்றுவிட்டது.

"மொதலாளி, உங்க சேலைக்கு நான் ஆயிரம் வாட்டி மன்னிப்பு கேக்கறேன். நெய்ற எடத்துல போனே வெச்சிக்க மாட்டேன். அது நியாயம். ஆனா படம் பாத்து அழுததுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேங்க. மூடவும் மாட்டேங்க. மாமா, நீங்க ஒரு தபா பாத்துட்டு அப்புறம் அசிங்கம்னு சொல்லுங்க."

குரல் நடுங்கியது. நடுங்கினால் என்ன, சொல்லி முடித்துவிட்டேன். சுவரோரம் நின்றவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். கணவரின் அண்ணன், "டேய், உம் பொண்டாட்டிய இஸ்துகினு போ" என்றார். என்னை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. நானே செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

முதலாளி சொன்னதைச் செய்தார். தறியில் இருந்த சேலைகளை முடித்துக் கொடுத்த மறுநாள் ஆள் வந்து ஜக்காடு பெட்டியிலிருந்து அட்டைகளைக் கழற்றிக்கொண்டு போனார். பாவு இல்லாத தறியைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என் கணவர் இன்னொருவர் வீட்டில் கூலிக்கு நெய்யப் போனார். நான் நூல் சுற்றிக் கொடுத்தேன். மூன்று வாரம் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவர் கோபத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், அதன் நடுவிலும் நான் அசையவில்லை.

அந்த வாரங்களில் நான் ஒரு வீடியோ போட்டேன். யாரும் கேட்டு இல்லை, நானாகத்தான். வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, என் கவனக்குறைவால் ஒருவரின் டிசைன் களவு போனதைச் சொன்னேன். 'தறி வைத்திருக்கும் அக்கா தங்கச்சிகளே, போனை எடுக்குமுன் துணியை மூடுங்கள்' என்றேன். அதை முடித்த கையோடு அந்த மாத 'என் பத்து'. படகுப் போட்டிக் கதைக்கு முதல் இடம் கொடுத்தேன். நான் பேசத் தொடங்கும்போது என் கணவர் உள்ளே வந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சத்தம் பதிவாகிறதென்று ஃபேனை நிறுத்திவிட்டுப் போனார். அந்தப் புழுக்கத்தில் நான் வேர்த்துக்கொண்டே சிரித்தது வீடியோவில் இருக்கிறது. அதற்குக் கீழே முதலில் எழுதியவர், இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு நெசவுக்கார அம்மா. 'நானும் பார்ப்பேன், வெளியில் சொல்வதில்லை' என்று எழுதியிருந்தார். முதல் இடம் கொடுத்தது அதிகம் என்றும் எழுதியிருந்தார்.

தை பிறந்ததும் முதலாளியே வீட்டுக்கு வந்தார். மாசி முகூர்த்தத்துக்குக் கை தேவைப்பட்டது, என் நெசவு அவருக்குத் தெரியும். "தறி ரூமுக்குள்ள போன் வரக்கூடாது" என்றார். "வராதுங்க" என்றேன். சேனலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கணவரின் அண்ணன் இன்றுவரை விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும், கழுத்து அவருடையதுதானே.

செய்த தப்புக்குத் தலை குனிந்தபோது செய்யாததற்கும் சேர்த்துக் குனியச் சொன்னார்கள், நான் அங்கேயே நிமிர்ந்துகொண்டேன், அதனால்தான் இன்றைக்கும் யாராவது வழிமறித்து "இந்த வயசுல பொம்மப் படமா?" என்று கேட்டால், "ஆமாங்க, புதுசா ஒண்ணு ஓடிகினு கீது, பதினோராவது எபிசோட்ல நிக்கறேன், ஜல்தியா வீட்டுக்குப் போவணும்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடக்க என்னால் முடிகிறது.