கண்ணீர் அஞ்சலி, பத்துப் பிரதிகள்

பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த இரண்டு வருடமும் எங்கள் பேராசிரியர் ஒரே பல்லவிதான் பாடினார். "மஞ்ச செவுரு, சைக்கிளு, கடலு. இத விட்டா பாண்டிச்சேரியில ஒண்ணுமே இல்லியா?" என் மூன்று கதைகளைத் திருப்பிக் கொடுத்தார். எரிச்சலில் ஒரு சாவு வீட்டுக் கதையை எழுதி நீட்டினேன். அதைப் போய் சரி என்றுவிட்டார்.

பிணத்துக்கு ஆள் வேண்டும். வகுப்புப் பையன்களுக்கே பவுடர் பூசிக் கிழவனாக்கி எத்தனை படம்தான் எடுப்பது? எங்கள் தெருவில் தனியாக இருந்த சொல்தா தாத்தாவைக் கேட்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாக எட்டிப் பார்க்காத மகன் ஆகஸ்டில் பாரீசிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்காக மாடி அறைக்கு வெள்ளையடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டு, காலண்டரில் தேதியை வட்டம் போட்டு வைத்திருந்தார். "புள்ள வர்றதுக்குள்ள முடிச்சிருவியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"முடிச்சிடறேன் தாத்தா."

வாய்தான் சொன்னது. டிபார்ட்மெண்டில் கேமராவைக் கொடுத்ததே இரண்டு நாளைக்கு. அதோடு தந்த டிரைபாடில் ஒரு கால் நிற்காது. அதற்குச் செங்கல் முட்டுக் கொடுத்தே முதல் நாள் காலை போயிற்று.

ஆர்ட் டைரக்ஷன் பார்த்த வகுப்புத் தோழனிடம் நான் கேட்டது, வாசல் சுவருக்கு ஒரே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அச்சகத்தில் பத்துக்குக் குறைந்து அடிக்க மாட்டார்களாம். சரி, பத்து அடித்தான். மிச்சத்தைச் சுருட்டி வைக்கக் கூடாதா? தாத்தாவின் முகத்தைப் பெரிய மார்க்கெட் வரைக்கும் ஒட்டிவிட்டு வந்து நிற்கிறான்.

"எதுக்குடா ஒட்டுன?"

"பசை மீந்துபோச்சு. ஃப்ரேமுக்கு வெளியிலயும் உலகம் இருக்கணும்னு சார்தானே சொன்னாரு."

ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். எல்லாவற்றையும் கிழித்துவிட்டு வா என்று துரத்தினேன். கிழிப்பதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் பகல். மூக்கில் பஞ்சு, தாடைக்கட்டு, கழுத்தில் மாலை, கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டு. தாத்தா அசையாமல் படுத்திருந்தார். ஒருவழியாக டிரைபாடும் நின்றது. ஷாட்டைத் தொடங்க வாயைத் திறக்கிறேன், அவர் தலைமாட்டில் போன் அடிக்கிறது. சைலண்டில் போடச் சொல்லி எத்தனை தடவை கத்தியிருப்பேன்! எடுத்துப் பார்த்தால் மகன்.

"ஸ்பீக்கர்ல போடும்மா" என்று கட்டோடு முனகினார் தாத்தா.

நான் ஹலோ சொல்லி முடிக்கவில்லை. "போஸ்டர் பாத்தேன். அப்பாவ எடுத்துட்டீங்களா? எனக்கு இப்ப லீவு கிடைக்காது. ஆகஸ்ட் டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிட்டேன். இனிமே அங்க வந்து யாரப் பாக்கறது? எனக்காகக் காத்திருக்க வேணாம், எடுத்துடுங்க. வீடியோ மட்டும் அனுப்புங்க." அழுத குரல்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

தாடைக்கட்டை அவிழ்த்துவிடச் சொல்லித் தாத்தா கண்ணைக் காட்டினார். அவிழ்த்தேன்.

"நான்தாண்டா பேசறேன். உசுரோடதான் இருக்கேன், சினிமாவுல நடிக்கறேன். டிக்கெட்ட கேன்சல் பண்ணது பண்ணதாவே இருக்கட்டும்."

மகன் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "வெச்சிடும்மா" என்றார். வைத்தேன்.

பேக்கப் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அவன்தான் வீடியோ கேக்கறானே, எடும்மா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.