எச்சில் தொட்டுத் துடைத்த திரை

பிள்ளைகளா, நேற்று பெற்றோர் கூட்டத்தில் டேப்லெட்டில் ஒரு கணக்கு வந்தது. "விடையைத் தொடுங்கப்பா" என்றாள் நம் செல்வி. விடை தெரியும். திரை தூசியாக இருந்ததால், விரலில் எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டேன்.

அந்த ஈரத்தைப் பார்த்ததும் சின்ன வயதில் பள்ளியில் வைத்திருந்த என் சிலேட்டு நினைவு வந்தது. வகுப்பே எச்சில் துப்பித்தான் அழிக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு வாத்தியார் கேட்பார்: "ஏலே, தண்ணி கெடையாதா?"

"கம்மா வத்திப்போச்சு சார்!"

அவரும் சிரித்துவிடுவார்.

நேற்றும் எல்லாரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் தலைகுனிந்து, "போவோம்ப்பா" என்றாள். கூசிப்போய், விடையைத் தொடாமலே எழுந்துவிட்டேன்.

இன்று நீங்கள் பள்ளிக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கைகழுவினேன். ஈரம் போகத் துடைத்தேன். என் செல்போனில் அதே பாடத்தைத் தேடித் திறந்து, அந்த விடையைத் தொட்டேன்.