பச்சைக் காளான் சாறு

காளான் கொட்டகைக்குள் போனால் என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்தமானில், வண்டூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகை அது. வைக்கோல் அடைத்த பிளாஸ்டிக் பைகள் உள்ளே வரிசையாகத் தொங்கும். பையின் ஓட்டைகளில் சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக வெளியே வரும். நேற்று மொட்டாக இருந்தது இன்று காது மடல் அளவுக்கு விரிந்திருக்கும். அத்தனை காதுகளும் என் மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றித்தான் ஒட்டுக் கேட்கின்றன என்று எனக்குத் தோன்றும். ஊர் வாயெல்லாம் அடக்குகிற எனக்கு அங்கே மட்டும் பேச்சு வராது.

கட்டி புற்றுதான் என்று போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சொல்லி, சென்னைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மெயின்லேண்டுக்குப் போய்ப் பிழைத்து வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர் மனதில் நின்றது, வைத்தியத்துக்குப் போய்ச் சவப்பெட்டியில் திரும்பி வந்த அவருடைய அண்ணன் மட்டும். அந்தப் பெட்டி என் கனவிலும் வரும். அதனால்தான், காளானில் உள்ள ஏதோ புரதம் புற்றைக் கொல்கிறதாம் என்று அவர் போனில் பார்த்துவிட்டு ஓடி வந்தபோது, இருவரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். வேகவைத்தால் அந்தப் புரதம் கெட்டுவிடுமாம். எனவே பச்சையாக அரைத்து, வடிகட்டி, தினமும் ஒரு டம்ளர். குடித்ததும் வயிற்றைப் புரட்டும். "வேலை செய்யுது, அதான்," என்பார். வயிற்றுக்குள் வெள்ளையாக ஏதோ நூல் நூலாகப் பரவுகிறது என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன். வருகிற காளானெல்லாம் சாறாயிற்று.

என் நாத்தனாருக்கு போர்ட் பிளேரில் மின்னி பே பக்கம் வீடு, ஒரு காலேஜ் லேபில் வேலை. விஷயம் தெரிந்ததும் அவள் கத்தவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

"அண்ணா, சாறை பாட்டில்ல எடுத்துக்கோ. அண்ணியையும் கூட்டிட்டு லேபுக்கு வா. கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

போனோம். என் விரலைக் குத்தி, ரத்தம் தானாக உறையாமல் இருக்க ஏதோ திரவத்தில் கலந்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்தாள். அதன்மேல் எங்கள் சாறு ஒரு சொட்டு விட்டு லேசாக அசைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சிவப்பு, பால் திரிவதுபோலப் பொடிப்பொடியாகத் திரண்டது. என் ரத்தம் எதையோ கண்டு பயந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் குனிந்து பார்த்தேன்.

அவர் முகமோ மலர்ந்துவிட்டது. "தேக்கோ, பாரு! நோயைப் புடிச்சிருச்சு!"

"இரு அண்ணா. உன் விரலைக் குடு."

அவர் ரத்தத்தையும் அதேபோல் வைத்தாள். அதுவும் அப்படியே திரண்டது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எது நோயாளியின் ரத்தம் என்று கேட்டால் என்னாலேயே சொல்ல முடியாது.

"அரே, எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே," என்றார்.

"அந்தப் புரதத்துக்கு அது தெரியாது அண்ணா. செல்லு மேல இருக்கிற சர்க்கரையைப் புடிச்சு ஒட்ட வைக்கும், யாரா இருந்தாலும். இதைப் பிரிச்சு மருந்தாக்க முடியுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க, வாஸ்தவம்தான். ஆனா டம்ளர்ல குடிச்சா கட்டியைத் தேடிட்டுப் போகாது. அண்ணி வயித்தைத்தான் கெடுக்கும். அதுக்குள்ள கட்டி வளந்துரும்."

பஸ் பிடித்துத் திரும்பினோம். சாறு கைவிட்டதைவிட, அதை நம்பிப் போக்கிய மாதங்கள்தான் என்னை நடுங்க வைத்தன. நான் ஒரு டம்ளரோடு படுத்துக் கிடந்தபோது, உள்ளே கட்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போய், விரிந்திருந்ததையெல்லாம் பிய்த்தெடுத்தேன். மிளகு போட்டு நன்றாக வதக்கி, சோற்றோடு இரண்டு தட்டில் வைத்தேன். அவர் தன் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க. வெறும் காளான்தான், மருந்தில்ல."

"நான் இதைத் தொட்டு எத்தனை நாளாச்சு. உனக்குக் குறைஞ்சிரக் கூடாதுன்னு ஒரு துண்டுகூட வாயில வைக்கல," என்றார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, ஆசையும் வந்தது. ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கேட்டார்:

"சென்னைக்கு ஜஹாஜ்ல போலாமா, பிளைட்லயா?"

"கப்பலோ பிளைட்டோ, எது முதல்ல கிடைக்குதோ அதுல."

அவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, இடது கையால் போனைத் தேடினார்.