நூலில் தொங்கிய பெயர்

இலங்கையில் யுத்த காலத்தில், கடுகண்ணாவையில் ஒருவர் பழைய ஹெட்போன்களைப் பொழுதுபோக்காகத் திருத்திக் கொடுப்பார். தடித்த கண்ணாடி, ஈயம் சுட்ட விரல்கள். ஒவ்வொன்றிலும் சொந்தக்காரரின் பெயரைச் சீட்டில் எழுதி நூலால் கட்டுவார். என்னுடையதிலும் கட்டினார்.

"பேரு வேணாண்ணே. வயரோட தமிழ்ப் பேரப் பாத்தா, குண்டுன்னு நெனச்சு ஆமிக்காரன் செக்கிங்ல விடுவானா?" என்றேன்.

"பயந்தாங்கொள்ளி! மாறிப் போயிருமில்ல தம்பி," என்று சிரித்தார்.

மறுவாரம் சீருடைக்காரர்கள் அவரைக் கொண்டுபோனார்கள். நானோ என் பெயருக்காகப் பதறி மூன்று நாள் கட்டிலுக்கடியில் கிடந்தேன். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தனவாம்.

நான்காம் நாள் அவர் மனைவி என் ஹெட்போனோடு வந்தார். நூல் இருந்தது, சீட்டு இல்லை.

"கதவத் தட்டுனதும் எல்லாச் சீட்டையும் வாயில போட்டு முழுங்கிட்டாருங்க."

அவர் திரும்பி வரவேயில்லை. ஹெட்போன் இன்றும் இரண்டு பக்கமும் தெளிவாகப் பாடும். கதவு தட்டும் சத்தம் கேட்காமல் போய்விடுமே என்று நான்தான் அதை மாட்டுவதில்லை.