உரல்மடுவில் இறங்கியவர்

புளியஞ்சோலைக்கு ஞாயிற்றுக்கிழமை குளிக்க வருகிறவர்களில் வருஷத்துக்கு ஒருவராவது உரல்மடுவில் மூழ்கிவிடுவார். கரையிலிருந்து பார்த்தால் இடுப்பளவுத் தண்ணீர் போலத் தெரியும். நடுவில் பாறை உரல் மாதிரி குடைந்து மூன்று ஆள் ஆழம். மூழ்கியவர்களை எடுப்பவர் எங்கள் பக்கத்து வீட்டு ராசப்பன் பெரியப்பா.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கிணற்றில் விழுந்த மோட்டாரை மூச்சடக்கி இறங்கிக் கயிறு கட்டித் தூக்குவதுதான் தொழில். சிலிண்டர், கண்ணாடி எதுவும் கிடையாது. இடுப்பில் நைலான் கயிறு. மறுமுனை அவர் தம்பி தனபால் கையில். ஒரு இழுப்பென்றால் கயிறு விடு, இரண்டென்றால் தூக்கு. உடலைக் கண்டுபிடித்தால் "கெடச்சிருச்சு" என்று சொல்ல மாட்டார். "வந்துட்டாங்க" என்பார்.

இறங்குவதற்கு முன் ஈர மணலில் குச்சியால் மடுவை வரைவார். ஆள் எங்கே வழுக்கினான், தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளும், எந்தக் குடைவுக்குள் ஒதுங்கியிருப்பான் என்று கோடு போடுவார். ஏறுகிற இடத்தை முதலில் குறித்துவிட்டுத்தான் இறங்குகிற இடத்தைக் குறிப்பார். கடைசியாக மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற ஊரில் இருக்கும் சின்னாயி அக்காவுக்குப் போன் போடச் சொல்வார். மடுவுக்கு வரும் ஓடையின் தரைப்பாலம் அக்கா வீட்டு வாசலிலிருந்து தெரியும். அங்கே தண்ணீர் பாலத்தின் மேல் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் மடுவுக்கு வந்துவிடும்.

"அங்க படம் போட்டா இங்க எடவேளைக்கு வந்துரும்" என்பார். எத்தனை பிணம் எடுத்தாலும் அந்த ஒரு சிரிப்பு அவரிடம் இருந்தது.

போன் போடுவது என் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கணிதம். இரண்டு வருஷமாக வேலைக்கான தேர்வு எழுதிக்கொண்டு வீட்டில் இருந்தேன். நேரம் பார்த்துச் சொல்வதும் போனில் விவரம் கேட்பதும் எனக்கு ஒரு உத்தியோகம் போல இருந்தது. அந்தப் பெருமை இல்லாமலிருந்தால் இன்னும் கொஞ்சம் நிதானமாகக் கேட்டிருப்பேனோ என்னவோ.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகுல் என்ற பத்தொன்பது வயதுப் பையன் மூழ்கினான். கல்லூரி நண்பர்களோடு வந்தவன். அவன் அம்மா தாமரைச்செல்வி, பெரம்பலூர் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. அவர் அழவில்லை. பெரியப்பா முன் வந்து நின்று, முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று மட்டும் சொன்னார். ரெண்டு நாள் ஊறிய பிறகு முகம் முகமாக இருக்காது என்று யாரோ அவர் காதில் விழும்படி பேசியிருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துத் தருகிறேன் என்றார் பெரியப்பா. அப்படி யாருக்கும் அவர் வாக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

நான் போன் போட்டேன். மழை இருக்கா அக்கா என்று கேட்டேன்.

"மழையா? வெயிலு சுள்ளுனு அடிக்குது கண்ணு. துணி துவச்சுக் காயப் போட்டிருக்கறேன்."

அதைப் பெரியப்பாவிடம் அப்படியே சொன்னேன். சரி என்று தலையசைத்து இறங்கினார்.

முதல் முறை ஒன்றுமில்லை. இரண்டாவது முறை மேலே வந்து, "வந்துட்டாங்க. காலு பாறையிடுக்குல மாட்டியிருக்குது" என்றார். போலீஸ்காரர் அம்மாவைப் பத்தடி தள்ளி நிறுத்தினார். மூன்றாவது முறை பெரியப்பா இறங்கியபோது தண்ணீரின் மேல் காய்ந்த சருகுகள் கும்பலாக வருவதைப் பார்த்தேன். சருகுக்குப் பின்னால் செம்மண் நுரை. நான் கத்துவதற்குள் தனபால் சித்தப்பா கயிற்றைச் சுற்றிப் பிடித்துவிட்டார்.

பெரியப்பா மேலே வந்தார். கையில் பையனின் நீலச் சட்டைக் காலர். நாலு முழம் வந்திருந்தால் கரை. வெள்ளம் இருவரையும் சேர்த்துப் பாறையில் அடித்தது. கயிறு ஒருவரைத்தான் இழுக்கும். அவர் கை விரிந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

தாமரைச்செல்வி ஒன்றுதான் சொன்னார்.

"கையில இருந்தவன விட்டுட்டீங்களே."

மூன்றாம் நாள் எட்டுக் கிலோமீட்டர் கீழே ஒரு தடுப்பணையில் கோகுல் கிடைத்தான். முகத்தை அம்மாவுக்குக் காட்டாமல் துணியைக் கட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சின்னாயி அக்கா தானே கூப்பிட்டார். பையன் கிடைத்தானா என்று விசாரித்துவிட்டு, தம் ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழையாம், பாலம் முழுகிவிட்டதாம் என்றார். வெயில் என்று சொன்னீர்களே என்றேன்.

"நான் சோளக்காட்டுல மக ஊட்டுலயில்ல இருந்தேன். நீ எங்கிருக்கறேன்னு கேக்கலியே சாமி."

சோளக்காடு அதே மலையில் வேறு ஊர். முன்பெல்லாம் அக்காவுடையது வீட்டுச் சுவரோடு இருந்த பழைய போன். கைபேசி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த எண்ணைத் தந்ததும் அவர்தான். ஆனாலும் சின்னாயி அக்கா என்றால் எனக்கு ஒரு ஆள் இல்லை, தரைப்பாலம். மலையில் ஒரு கொல்லையில் பெய்யும் மழை அடுத்த கொல்லையில் பெய்யாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பன்னிரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். அதற்குள் பெரியப்பா கிணற்று வேலையையும் நிறுத்தியிருந்தார். மூன்றாம் முறை அதிக நேரம் உள்ளே இருந்துவிட்டேன், என் கணிப்புத்தான் தப்பு என்று தனபால் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்ட பிறகுதான் போய்ச் சொன்னேன். நல்லவளாக இருந்ததால் சொன்னேனா, தாங்க முடியாமல் சொன்னேனா, தெரியவில்லை.

பெரியப்பா கயிற்றின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க நிக்கறேன்னு கேளுன்னு நானும் சொல்லலியே கண்ணு" என்றார். பிறகு, "அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லிரலாம், வா."

மறுநாள் பஸ் ஏறிப் போனோம். நடந்ததை நான் சொன்னேன். தாமரைச்செல்வி என்னைத் திட்டவில்லை. நான் சொன்னது அவருக்குள் போனதாகவே தெரியவில்லை. பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"கடைசியா நீங்கதான பாத்தீங்க. மூஞ்சி எப்படிங்க இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தானுங்க இருந்துச்சு. ஒரு கீறல் இல்லீங்க" என்றார் பெரியப்பா.

அந்த அம்மா அப்போதுதான் அழுதார்.

திரும்பும் பஸ் துறையூர் தாண்டியது. நான் பெரியப்பாவிடம் கேட்டேன், முகம் நிஜமாகவே அப்படித்தான் இருந்ததா என்று. அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"தண்ணி கலங்கிருச்சு. நான் எங்க மூஞ்சியப் பாத்தேன்."