இறுதிநிலைச் செலவு என்றால் என்ன?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இஸ்திரி மெஷினில் நின்றவள் அவள். பதினாறு வயதில் அம்மா படுத்த படுக்கையானபோது பள்ளிக்கூடத்தை விட்டாள். அடுத்த வருஷம் வேலைக்கு வந்தாள். அண்ணன் மட்டும் கல்லூரிக்குப் போய்க் கணக்காளர் ஆனான்.

ஒரு திங்கட்கிழமை சலவைக்கூடத்துச் சுவரில் ஓர் அறிக்கையை ஒட்டினார்கள். பாதித் துணியை வெளிக் கம்பெனிக்கு அனுப்பினால் லாபம் என்றது அது. பன்னிரண்டு பேருக்கு வேலை போனது. தப்பித்த அவள், அந்த அறிக்கையில் நாலு இடத்தில் வந்த ‘இறுதிநிலைச் செலவு’ என்றால் என்னவென்று நிர்வாக அதிகாரியிடம் போய்க் கேட்டாள்.

“அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா, போய் வேலையைப் பாரு” என்றார் அவர்.

அந்த வாரமே ஒரு கல்லூரியின் ஆயத்த வகுப்பில் பேர் கொடுத்தாள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் முழுநேரப் பட்டத்துக்குத் தயாராகிற வகுப்பு. பத்து மாதம், சனி ஞாயிறு, அறிமுகப் பொருளியல். கூடப் படித்தவர்கள் இருபதைத் தாண்டாதவர்கள், அவளுக்கு முப்பத்தொன்பது. முன்வரிசையில்தான் உட்காருவாள். மூன்றாவது வாரமே விடை கிடைத்தது: இன்னும் ஒரே ஒரு விரிப்பைக் கூடுதலாக வெளுக்க என்ன செலவாகும், அவ்வளவுதான். கோபம் கோபமாக வந்தது அவளுக்கு. இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு அரை நிமிஷம் ஆகியிருக்குமா?

ஆனாலும் முதல் தேர்வில் மண்ணைக் கவ்வினாள். வரைபடத்தில் விலையும் அளவும் இடம் மாறி, வரைந்த கோடெல்லாம் தப்பு. ஆசிரியை தன்மையானவர்தான். விடுதிப் பராமரிப்பில் ஒரு சின்னப் படிப்பு இருக்கிறது, அது தோதாக இருக்கும் என்று எடுத்துச் சொன்னார்.

“தப்பு எங்கன்னு சொல்லுங்க மேடம். வேற படிப்பு இருக்கான்னு நான் கேக்கலை.”

ஆசிரியை பேனாவைத் திறந்தார்.

அதன்பிறகு சலவைக்கூடத்து ஜன்னலில் ஆவி படிந்த கண்ணாடிமேல் விரலால் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் போட்டுப் பழகினாள். மேற்பார்வையாளர் வந்து துடைப்பார். அவர் நகர்ந்ததும் மறுபடி ஆவி படியும், மறுபடி போடுவாள். பக்கத்து மெஷின்காரி, எல்லோரும் ‘நுரை’ என்று கூப்பிடுகிறவள், சாப்பாட்டு வேளையில் புத்தகத்தை விரித்துக் கேள்வி கேட்பாள். பதில் சரியா தப்பா என்று நுரைக்கே தெரியாது. ஆனால் வாத்தியார் மாதிரி முறைக்கத் தெரியும்.

இறுதித் தேர்வில் எழுபத்துநாலு. பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. வேலையை விடப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டான். சம்பளம் போகும், பணிமூப்பு போகும் என்று அடுக்கினான்.

“உன் பாடத்துலயே இருக்குமே, வாய்ப்புச் செலவுன்னு. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு கைவிட்டுப் போயிடும். அதை யோசிச்சியா?”

“யோசிச்சேண்ணா. நீ காலேஜுக்குப் போனப்ப நான் மெஷின்ல நின்னேன். அப்ப எனக்கு என்ன கைவிட்டுப் போச்சுன்னு யாராவது யோசிச்சீங்களா?”

அண்ணன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். இன்றுவரை பேச்சில்லை. அது அவளுக்கு வலிக்கத்தான் செய்கிறது.

வேன் ஓட்டுகிற கணவர் மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டே, “ஈஸியா சமாளிச்சிடலாம்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப நீ பின்வாங்கினா எனக்குப் பிடிக்காது” என்றார்.

ராஜினாமாக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் ‘படிக்க’ என்று எழுதினாள். ‘சொந்தக் காரணம்’ என்று மாற்றச் சொன்னார் மேற்பார்வையாளர். அவள் மாற்றவில்லை.

இப்போது இரண்டாம் ஆண்டு. புள்ளியியலில் ஒருமுறை தோற்றாயிற்று. மறுதேர்வுக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்திருக்கிறாள்.